கொல்லையில் அடுப்பு கட்டலாம், தோல் துண்டு மட்டும் வேண்டாம்



மார்கழி பிறந்தால் நம் வேலூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு வெந்நீர்க் கவலையும் கூடவே பிறந்துவிடும். சித்திரையில் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும் இதே ஊரில், தை மாத விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் விரல் வைக்க முடியாது. வீட்டில் ஐந்தாறு பேர், அதில் ஒரு கைக்குழந்தை, ஒரு வயசான மாமியார் என்றால் கேஸ் அடுப்பில் அண்டா ஏற்றி முடியுமா? சிலிண்டர் நாளுக்கு முன்பே தீர்ந்து நம்மை விழிக்க வைக்கும். அதனால்தான் சமையலுக்கு கேஸ் வந்த பிறகும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கங்களில் கொல்லை அடுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. வெந்நீருக்கு, நெல் அவிக்க, விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் ஏற்ற, பொங்கல் வைக்க என்று அதற்கும் வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

பேர்ணாம்பட்டுப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீடு இடித்த பழைய செங்கல் கொஞ்சம் கிடக்கிறது. காயலான் கடையில் லாரி ரிம் ஒன்றும், தகர டிரம் ஒன்றும் மலிவாகக் கிடைக்கும். காசு செலவில்லாமல் கொல்லையில் அடுப்பு கட்டிக்கொள்ளலாமா? பக்கத்தில் ஷூ கம்பெனியிலிருந்து தோல் துண்டு மூட்டை மூட்டையாக வெளியே வருகிறது. அதையே போட்டு எரித்தால் விறகும் மிச்சம் ஆகுமே?"

முதல் கேள்விக்கு, தாராளமாகக் கட்டலாம் தங்கச்சி. இரண்டாவது கேள்விக்குக் கூடவே கூடாது. அடுப்பு கட்டி முடித்த சந்தோஷத்தில் யாரும் புத்தி சொன்னால் கேட்க மாட்டோம் என்பதால், இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோல் துண்டு நன்றாகத்தான் எரியும். மறுக்கவில்லை. "சும்மா கிடைக்குதுக்கா, கங்கு மாதிரி நின்னு எரியுது" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. மயிர் கருகுகிற நாற்றம் ஒன்றுதான் குறை, அதுவும் இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிய நாற்றம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து நாற்றத்தில் இல்லை. அடுப்பில் மிஞ்சும் சாம்பலிலும், மேலே எழும்பும் புகையிலும் இருக்கிறது.

நம் பாட்டி காலத்தில் தோலை ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதம் செய்தார்கள். இன்று ஷூ மேல்பாகத்துக்குப் போகிற தோலில் பெரும்பங்கு குரோமிய உப்பில் பதனிட்டது. பதனிட்ட ஈரத்தோல் வெளிர் நீலமாக வண்டியில் போவதை நம் ஊர்க் குழந்தைகள்கூடப் பார்த்திருக்கும். அந்த நீலம் குரோமியத்தின் நிறம். உலர்ந்த தோல் 100 கிராம் எடுத்தால் அதில் ஏறத்தாழ 2 முதல் 4 கிராம் வரை குரோமியம் ஆக்ஸைடு இருக்கும். தோலில் கட்டுண்டு இருக்கிற வரையில் அது பெரிய கெடுதல் செய்வதில்லை. அதனால் செருப்பு, பை எல்லாம் போட்டுக்கொள்ளலாமா என்று பயந்துவிடாதீர்கள். நெருப்பில் போட்டால்தான் விஷயம் வேறு. காற்றும் சூடும் சேர்ந்து அந்தக் குரோமியத்தில் ஒரு பங்கை "ஆறு இணைதிறன் குரோமியம்" என்ற வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். இது தண்ணீரில் சட்டென்று கரையும், மஞ்சள் நிறம் தரும். தோலில் பட்டால் புண், மூச்சில் ஏறினால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய். மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று சந்தேகமற உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இதை வைத்திருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை பாருங்கள். குரோமேட் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்? குரோமியத் தாதுவோடு சோடா உப்பைக் கலந்து, சூளையில் காற்றுப்பட வறுக்கிறார்கள். காரமும் சூடும் சேர்ந்தால் குரோமியம் அந்தக் கெட்ட வடிவத்துக்கு எளிதில் மாறும் என்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. நம் விறகுச் சாம்பலும் காரம்தான். தண்ணீரில் கரைத்தால் விரலில் வழவழவென்று இருக்கிறதே, அதுதான். ஆக, விறகோடு தோலைப் போட்டு எரிப்பது கொல்லைப்புறத்தில் குட்டிக் குரோமேட் சூளை வைத்த மாதிரி. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். அது மண்ணையும் கிணற்றையும் என்ன பாடு படுத்தியது என்று நம் மாவட்டத்தில் தெரியாதவர் யார்? பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. கம்பெனிக் கழிவுக்கு வழக்கு, சுத்திகரிப்பு நிலையம் என்று எத்தனையோ நடந்தது. நம் வீட்டு அடுப்புக்கு யார் வழக்குப் போடுவார்கள்? நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி சாம்பலை எண்ணிப் பாருங்கள். தோல் எரிந்து போன பின் அந்த இடத்தில் மிஞ்சுவதில் குரோமியம்தான் பெரும்பங்கு. பல சமயம் பச்சைச் சாயல் அடிக்கும். நாம் சாம்பலை என்ன செய்கிறோம்? பாத்திரம் துலக்குகிறோம். மீன் ஆய்கிறோம். கத்தரிச் செடி, கீரைப் பாத்தியில் தூவுகிறோம். அதைவிட ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி முடித்தவுடன் அதே அடுப்பிலிருந்து நாலு கங்கை எடுத்துத் தூபக்காலில் போட்டு சாம்பிராணி காட்டுகிறோமே! பச்சைக் குழந்தையின் முகத்துக்கு நேராக. (சாம்பிராணிப் புகையே கைக்குழந்தைக்கு ஆகாது என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். முடியைத் துண்டால் ஒற்றி எடுத்தாலே உலர்ந்துவிடும்.)

"பட்டையில் பதனிட்ட பழுப்புத் தோல்தானே, அது எரிக்கலாமே" என்று சாமர்த்தியசாலிகள் கேட்பார்கள். வெட்டிய ஓரத்தைப் பார்த்து இது குரோம், இது பட்டை என்று சாயம் ஏற்றிய தோலில் நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் எந்தத் துண்டும் வேண்டாம். தோல் சீவலும் வேண்டாம், தேய்த்த தூளும் வேண்டாம். ஷூ கம்பெனி மூட்டையில் தோலோடு ரெக்ஸின், ரப்பர் சோல், பசை தோய்ந்த துணி எல்லாம் கலந்து வரும். ரெக்ஸின் என்பது பெரும்பாலும் பி.வி.சி. எரித்தால் அமிலப் புகை வந்து தொண்டையையும் கண்ணையும் எரிக்கும். போகிக்கு டயர் கொளுத்தக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களே, அதே நியாயம் இதற்கும்.

இதே காரணத்துக்காகப் பதனிடும் இடத்துப் பழைய மர டிரம்மின் பலகை விறகுத் தொட்டிக்கு வந்தாலும் வாங்காதீர்கள். வருஷக்கணக்கில் குரோம் நீரில் ஊறிய மரம் அது. பார்க்க நல்ல வைரம் பாய்ந்த கட்டையாகத்தான் இருக்கும். நீலமும் பச்சையுமாகக் கறை பிடித்த கட்டை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓடையோரம் காய்ந்து வெடித்துக் கிடக்கும் கழிவு வண்டலை "நல்ல பசை மண்" என்று அடுப்பு பூச அள்ளி வருவதும் கூடாது.

சரி, மிரட்டியது போதும். அடுப்பு கட்டுவோம்.

பழைய பொருளில் எது உதவும், எது உதவாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீடு இடித்த செங்கல் முதல் தரம். பழைய நாட்டுச் செங்கலானால் இன்னும் நல்லது, நெருப்பில் வெந்த பொருள் நெருப்பைத் தாங்கும். அதில் ஒட்டியிருக்கும் சிமெண்ட், சுண்ணாம்பைக் கொத்திவிடுங்கள். உடைந்த ஓட்டுச் சில்லு சந்துகளை அடைக்க உதவும். ஹாலோ பிளாக், சிமெண்ட் கல், கான்கிரீட் துண்டு உதவாது. நெருப்பு பட்டுப் பட்டு வெடித்து, சில்லு தெறிக்கும். பாலாற்றில் பொறுக்கிய கூழாங்கல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் புகுந்த கல் சூட்டில் வெடிக்கும், கண்ணைக் குறி பார்த்தது மாதிரி! ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டை மறைப்புக்குக்கூட வைக்க வேண்டாம். அது சூட்டில் படபடவென்று தெறிப்பதோடு, அதன் நார்த்தூசி நுரையீரலைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய வாளி, தகரம் ஆகியவை நெருப்பு நேராகப் படும் இடத்தில் கூடாது. சிவக்கக் காய்ந்தால் வெள்ளைப் புகை விடும், அதை இழுத்தால் ஜுரம் வரும்.

தகர டிரம்மைப் பற்றி அந்தச் சகோதரி கேட்டாரே. நம் பக்கத்தில் காயலான் கடைக்கு வருகிற டிரம்களில் சாயம், அமிலம், பசை கரைக்கும் திரவம் என்று என்னென்னவோ இருந்திருக்கும். லேபிள் உரிந்த டிரம்மில் என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. திரவம் காலியானாலும் ஆவி உள்ளே நிற்கும். அப்படிப்பட்ட டிரம்மை வெல்டிங் கடையில் கேஸ் வைத்து அறுக்கும்போது வெடித்து உயிர் போவது உண்டு. டிரம் வேண்டவே வேண்டாம்.

லாரி ரிம்மோ நமக்கென்றே செய்தது மாதிரி. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை வீட்டு வாசலில் ஓடுகிற ஊர்களில் அதற்குப் பஞ்சமா? பழைய லாரிகளின் 20 அங்குல ரிம் ஒன்று வாங்குங்கள். டயர் கழற்றிய வெறும் ரிம்மாக இருக்கட்டும். டயரோடு இருக்கும் ரிம்மைச் சூடாக்குவது வெடிகுண்டைச் சூடாக்குவது போலத்தான். ரிம்மைப் படுக்க வைத்தால் அதன் தட்டே அடுப்புக் கம்பிவலை மாதிரி ஆகிவிடுகிறது பாருங்கள். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிக் கை நுழையும் ஓட்டைகள். நடு ஓட்டையின் குறுக்கே பழைய ஜன்னல் கம்பி ஐந்தாறு துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டுப் பரப்பினால் கங்கு நிற்கும், சாம்பல் கீழே உதிரும், காற்று கீழிருந்து வரும். விறகடுப்பு புகைவதற்குப் பாதிக் காரணம் கங்குக்கு அடியில் காற்று இல்லாததுதான்.

இடம் பார்ப்பதில் அவசரப்படாதீர்கள். கூரை, வைக்கோல் போர், துணிக்கொடி ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். மேலே மரக்கிளையோ கரண்ட் கம்பியோ கூடாது. ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துப் பக்கமும், சிலிண்டர் வைத்திருக்கும் சுவர்ப் பக்கமும் வேண்டாம். முக்கியமாக செப்டிக் டேங்க் மூடிக்கு அருகே கூடவே கூடாது, அதிலிருந்து கசிகிற வாயு தீப்பிடிக்கும். தோண்டுவதற்கு முன் அடியில் தண்ணீர்க் குழாய் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பு வாய் எந்தப் பக்கம்? நமக்கு ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழியில் வடகிழக்கிலிருந்து வரும். தெற்குப் பார்த்த வாயாக வைத்தால் இரண்டு காற்றும் நேராக உள்ளே புகுந்து தீயை நம் முகத்துக்குத் தள்ளாது. கிழக்குப் பார்த்துத்தான் பொங்கல் வைக்க வேண்டும் என்பவர்கள் அன்றைக்கு மட்டும் மூன்று கல் கூட்டிக்கொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை.

இரண்டடி அகலத்தில் வட்டமாக, ஆறு அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். அடியைத் திமிசு போட்டுக் கெட்டியாக்கி, செங்கல் பொடி கலந்த மணல் லேசாகப் பரப்புங்கள். அதன்மேல் முக்கோணமாக மூன்று முழுச் செங்கலைப் படுக்க வைத்து, ரிம்மைத் தட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் உட்கார வையுங்கள். முன்பக்கம், அதாவது வாய்ப் பக்கம், தரையிலிருந்து குழியின் அடிவரைக்கும் ஒரு செங்கல் அகலத்துக்குச் சரிவாக வாய்க்கால் வெட்டுங்கள். காற்று போவதும் சாம்பல் வாருவதும் இதன் வழியாகத்தான். இந்த வாய்க்காலை மறந்துவிட்டுக் கட்டி முடித்தால், பிறகு ஊதுகுழலும் கையுமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ரிம்மைச் சுற்றித் தரைமட்டத்திலிருந்து செங்கல் வளையம் எழுப்ப வேண்டும். முதல் வரி, வாய்க்கால் மேல் ஒரு பலமான கல்லைப் பாலம் போல வைத்து முழு வட்டமாக இருக்கட்டும். இரண்டாம் வரியிலிருந்து முன்பக்கம் ஒரு செங்கல் நீளம், ஒன்பது அங்குலம், விறகு நுழைய இடம் விட்டுக் கட்டுங்கள். வரிக்கு ஏழெட்டுக் கல் வரும். நான்கு வரி போதும். மொத்தம் முப்பத்தைந்து கல் கையில் இருந்தால் உடைசலும் சேர்த்துச் சரியாக இருக்கும். சுவர் அதற்கு மேல் உயர்ந்தால் பாத்திரம் நெருப்பைவிட்டு விலகி விறகு வீணாகும். ஒவ்வொரு வரியும் கீழ் வரியின் இணைப்பை மூடுகிற மாதிரி மாற்றி வைக்க வேண்டும் என்பதைக் கொத்தனார் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

கலவைக்கு சிமெண்ட் வாங்காதீர்கள். நெருப்பில் அது நிற்காது. புற்றுமண்ணோ களிமண்ணோ இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, இரண்டு கை உமி, கொஞ்சம் சாணம் போட்டு முதல் நாளே குழைத்து ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள். மறுநாள் ஒரு பிடி எடுத்து முறுக்கு மாதிரி உருட்டி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் பதம். கையில் ஒட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் மணல். ஒரு துண்டை வெயிலில் காய வைத்து, பாளம் பாளமாக வெடிக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. செங்கல்லைத் தண்ணீரில் நனைத்துவிட்டு வைத்தால்தான் மண் பிடிக்கும்.

மேல் வரிக்கு மேலே மூன்று குமிழ். அண்டா அடியும் சுவரும் ஒட்டிப்போனால் தீ மூச்சுத் திணறும், அதிகம் தூக்கிவிட்டால் சூடெல்லாம் ஆகாசத்துக்குப் போகும். ஒரு அங்குலம் உயரம் போதும். அண்டாவை ஏற்றி இறக்கி, ஆட்டிப் பார்த்து, ஆடாமல் உட்காரும்வரை குமிழைத் திருத்துங்கள். தளும்பும் வெந்நீர் அண்டாவை விடக் கொடியது கிடையாது. இதில் சோம்பல் படாதீர்கள்.

பூசி முடித்ததும் அன்றே பற்ற வைக்கக் கை பரபரக்கும். ஒரு வாரம், மழைக்காலமானால் பத்து நாள், நிழலில் காயட்டும். வெடிப்பு விட்ட இடத்தில் ஈரக்கையால் தடவிக்கொண்டே வாருங்கள். முதல் நெருப்பு சின்னதாக, நாலு சுள்ளியும் கொஞ்சம் தென்னம்பாளையும் போட்டு, பாத்திரம் ஏற்றாமல் இருக்கட்டும். ரிம்மில் இருக்கும் பெயிண்ட், கிரீஸ் எல்லாம் அன்று எரிந்து போகும். அந்தப் புகையில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். முதல் நாள் சாம்பலைச் செடிக்கோ பாத்திரத்துக்கோ எடுக்காமல் கொட்டிவிடுங்கள்.

பிறகு எதை எரிக்கலாம்? நம் பக்கத்தில் வேலிகாத்தான் கிடைக்கிற மாதிரி வேறு விறகு கிடைக்காது. முள்ளைக் கழித்து, பிளந்து, இரண்டு மூன்று மாதம் அடுக்கிக் காய வைத்தால் புகை குறைவு, கங்கு நிற்கும். புளியங்கட்டையும் அப்படித்தான். தேங்காய் ஓடு, மட்டை, பாளை, வேர்க்கடலைத் தோல் எல்லாம் நல்ல எரிபொருள். அரளிக் குச்சியை மட்டும் விறகோடு சேர்த்துவிடாதீர்கள். அதன் எல்லாப் பாகமும் விஷம், புகையும் ஆகாது. பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு, பால் கவர் கொத்து ஆகியவையும் வேண்டாம். கெரஸினோ பெட்ரோலோ ஊற்றிப் பற்ற வைப்பதை வீட்டு ஆண்பிள்ளைகளும் செய்யாமல் பாருங்கள். அணைந்த மாதிரி இருக்கும் கங்கின் மேல் ஊற்றினால் தீ கேனுக்குள்ளேயே திரும்பி வரும்.

நன்றாகக் காய்ந்த விறகாக இருந்தாலும் புகை புகைதான். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020-ஆம் வருஷம் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அடுப்புப் புகையில் வளரும் குழந்தைக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பு. இதைப் பற்றி நேற்று இன்று கவலைப்படவில்லை. எஸ்.பி. ராஜு என்ற ஹைதராபாத் இன்ஜினீயர் 1953-லேயே புகையில்லாச் சமையலறையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார், சென்னையில்தான் அச்சானது. 1983-ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கியது. சுவரில் துளையிட்டு, குழாய் வைத்துக் கட்டிக் கொடுத்த அந்த அடுப்புகள் உங்களில் சிலர் பிறந்த வீட்டில் இருந்திருக்கும். குழாயில் கரி அடைத்துக்கொண்டதும் பல வீடுகளில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி ஊத ஆரம்பித்தார்கள் என்பது வேறு கதை. நம் அடுப்பு திறந்த வெளியில் இருப்பதால் குழாய் வேண்டியதில்லை. ஆனால் மழைக்கு பயந்து நாலு பக்கமும் தடுக்கு கட்டி அறை மாதிரி ஆக்கிவிட்டால் வெளியே கட்டிய பயனே போய்விடும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும், இடுப்பில் குழந்தையோடு இருப்பவளும் அடுப்பு முன்னால் உட்கார வேண்டாம். அந்த வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். மாமனார் பார்த்தால் என்ன குறைந்தா போய்விடும்?

நடமாடும் குழந்தை உள்ள வீட்டில் அடுப்பைச் சுற்றி மூன்றடி தள்ளி ஒரு கோடு. கோலமாவில் போட்டாலும் சரி, செங்கல் நட்டாலும் சரி. கோட்டுக்குள் வரக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். நைலக்ஸ், பாலியெஸ்டர் புடவையோடு அடுப்பு முன் நிற்காதீர்கள். தீப்பொறி பட்டால் அது உருகிச் சதையோடு ஒட்டும். நூல் புடவை, முந்தானை இழுத்துச் செருகியிருக்கட்டும். சுடிதார்க்காரிகள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கங்கின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவது நம் வழக்கம். அதுதான் மோசம். மண்ணுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். மேலே பார்த்தால் வெறும் சாம்பல், ஓடி வருகிற பிள்ளை அதில்தான் கால் வைக்கும். தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்து, புறங்கையை மேலே காட்டிப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது. தண்ணீரைச் செங்கல் மேல் அடிக்காமல் கங்கின் மேல் மட்டும் தெளியுங்கள்.

அப்படியும் சுட்டுக்கொண்டால், முதல் காரியம் குழாய்த் தண்ணீர். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, மஞ்சள், தோசை மாவு, வாழைச்சாறு எதுவும் வேண்டாம். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் குழந்தைக்கு இரண்டாவது வேதனை. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி அழைத்துப் போங்கள். காயம் குழந்தையின் சொந்த உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரி. துணியில் தீ பிடித்தால் ஓட விடாதீர்கள். படுக்க வைத்து உருட்டி, கனத்த நூல் போர்வையால் போர்த்தி அணைத்துவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள்.

இனி ஐப்பசி மழை. மண் பூச்சு மழையில் கரையும், ரிம் துருப்பிடிக்கும். பழைய தகரத்தை அண்டாவுக்குப் பதிலாக மேலே கவிழ்த்து ஒரு கல்லை வைத்தால் போதும். (அடுப்பு எரியும்போது அதை எடுத்துவிட வேண்டும்.) முன்வாய்க்காலில் தண்ணீர் தேங்காமல் சுற்றி ஒரு சின்ன மண் வரப்பு போடுங்கள். மழை விட்டதும் அடுப்புக்குள் பாம்பு, தேள் இருக்கிறதா என்று நீளக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு முன் வெடிப்புகளுக்கு ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டால் மார்கழி வெந்நீருக்கு அடுப்பு தயார்.

ஏற்கனவே தோல் எரித்துவந்த பழைய அடுப்பு வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. அந்தச் சாம்பலைப் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு அள்ளி, கெட்டியான பையில் போட்டுக் கட்டுங்கள். கிணற்றடியிலும் கீரைப் பாத்தியிலும் கொட்டாமல் நகராட்சி, ஊராட்சிக் குப்பை வண்டி ஆட்களிடம் தோல் சாம்பல் என்று சொல்லித் தனியாகக் கொடுத்துவிடுங்கள். அடுப்புக்குள் ஒட்டியிருக்கும் பழைய பூச்சையும் அதேபோல ஈரமாக்கிச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் பூசுங்கள்.